பழைய அச்சுப்படத்தில் உழைத்த கைகளைக் கண்டறிவது எப்படி: சேலம், சேர்வராயன் மலைப் படங்களை முன்வைத்து ஒரு வழிகாட்டி

ஏற்காட்டு விடுதிகளிலும் சேலத்துப் பழைய வீடுகளின் கூடங்களிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் மலைக்கோட்டைப் படங்களை “வெள்ளைக்காரர் காலத்து ஓவியம்” என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை ஓவியங்கள் அல்ல. செப்புத் தகட்டிலோ மரக்கட்டையிலோ செதுக்கி, மை ஏற்றி, தாளில் அழுத்தி எடுத்த அச்சுப்படங்கள்; அல்லது அவற்றின் அண்மைக்கால நகல்கள். அத்தகைய ஒரு படம் வாங்குவோர் கைக்கு வருவதற்குள் வரைந்தவர், தகட்டை மெருகேற்றியவர், செதுக்கியவர், அடியில் எழுத்து வெட்டியவர், அச்சடித்தவர், வண்ணம் தீட்டியவர், தாள் செய்தவர் எனப் பலரிடம் சென்று வந்திருக்கும். இவர்களில் இருவர் மூவரின் பெயர்கள் மட்டுமே ஓரத்தில் இருக்கும். மற்றவர்கள் இருந்ததற்கான தடயங்களைப் படத்திலும் தாளிலும்தான் தேட வேண்டும். அதற்குரிய வழியை இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

தேவையான பொருள்கள் சொற்பமே. நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, சிறிய டார்ச் விளக்கு, அளவுகோல், மென்மையான பென்சில் ஆகியவை போதும். படத்தின் அருகே பேனா வைத்துக்கொள்ள வேண்டாம். சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றுவதாயிருந்தால், பின்புறம் பசையிட்டு அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டியிருந்தால் உரிக்க முயல வேண்டாம்.

அசலா, நகலா

லென்ஸை வானப் பகுதியின் மீது வைத்துப் பாருங்கள். ஒரே சீரான இடைவெளியில் புள்ளிகள் வரிசைகட்டி நின்றால் அது புகைப்பட முறையில் எடுத்த பிற்கால நகல். அசல் செப்புத் தகட்டுப் படமாக இருந்தால் கோடுகள் தாளின் மேல் சற்றே புடைத்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் புடைப்பு நிழலாகத் தெரியும். படத்தைச் சுற்றி, தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய செவ்வகத் தடமும் இருக்க வேண்டும். மரச்செதுக்குப் படத்தில் இந்தத் தடம் இராது, ஏனெனில் அது எழுத்துகளோடு சேர்த்து மேலிருந்து அழுத்தி அச்சடிக்கப்பட்டது. கல்லின் மேல் மெழுகுப் பென்சிலால் வரைந்து அச்சடித்த கல்லச்சுப் படத்தில் கோடு புடைக்காது; அந்தப் பென்சிலின் சொரசொரப்பு மட்டும் தெரியும். நகல் என்று தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓரத்து எழுத்துகள் அதிலும் பதிவாகியிருந்தால் அடுத்த படிக்கு அது போதும்.

ஓரத்து எழுத்தை வாசித்தல்

படத்தின் அடியில் இடது மூலையில் ஒரு பெயரும், அதையடுத்து ‘டெல்.’ என்ற லத்தீன் சுருக்கமும் இருந்தால் அவர் வரைந்தவர். ‘பிங்க்ஸ்.’ என்றிருந்தால் வண்ண ஓவியமாகத் தீட்டியவர். வலது மூலையில் ‘ஸ்கல்ப்.’ என்று முடியும் பெயர் செதுக்கியவருடையது. ‘இம்ப்.’ என்பது அச்சடித்த பட்டறையையும் ‘எக்ஸ்க்.’ என்பது வெளியிட்டவரையும் குறிக்கும். நடுவில், தலைப்புக்குக் கீழே, வெளியீட்டாளரின் பெயரும் தெருவும் நாளும் மாதமும் ஆண்டும் நுணுக்கமான எழுத்தில் இருக்கும்.

இந்தத் தேதி அழகுக்காகப் போடப்பட்டதன்று. லண்டனில் படக்கடைக்காரர்கள் செதுக்குநர்களின் தகடுகளைப் பார்த்து மலிவான திருட்டுப் பதிப்புகளை விற்றுவந்ததால், ஓவியரும் செதுக்குநருமான வில்லியம் ஹோகார்த்தும் அவருடைய சக தொழிலாளர்களும் நாடாளுமன்றத்தில் முறையிட்டு 1735-இல் ஒரு காப்புரிமைச் சட்டத்தைப் பெற்றனர். வெளியிட்ட நாளும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே வெட்டப்பட்டிருந்தால்தான் பதினான்கு ஆண்டுக் காப்பு கிடைக்கும். 1767-இல் அது இருபத்தெட்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. ஆகவே, சட்டம் யாருடைய பெயரைக் கேட்டதோ அந்தப் பெயர் கட்டாயம் ஏறியது; கேட்காத பெயர்கள் ஏறுவது பட்டறையின் விருப்பத்தைப் பொறுத்தது. அச்சு உருளையைச் சுழற்றியவர் பெயரையோ வண்ணம் பூசிய பெண்ணின் பெயரையோ எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஓரத்து எழுத்தை வாசிக்கும்போது அதை உழைத்தவர்களின் பட்டியலாகக் கொள்ளாமல் உடைமைப் பத்திரமாகவே கொள்ளுங்கள்.

வரைந்த ஆண்டும் வெளியான ஆண்டும்

இரண்டு தேதிகளையும் தனித்தனியே குறித்துக்கொள்வது அடுத்த வேலை. நம் பகுதிக்கு இதற்குத் தகுந்த சான்று ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் வெளியிட்ட ‘ஓரியன்டல் சீனரி’ தொகுப்பு. 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வந்த இத்தொகுப்பில், பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த பாரமகால் பகுதியின் ராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம், ஜெகதேவி ஆகிய கோட்டைகள் இடம்பெற்றுள்ளன. இருவரும் தென்னகத்தில் பயணம் செய்தது 1792-இல். அந்தக் கோட்டைப் படங்கள் லண்டனில் வெளிவந்ததோ 1801-இல்.

ஏன் 1792-இல் பயணம், ஏன் அந்தக் கோட்டைகள் என்று கேட்டால்தான் படத்தின் சமூகப் பின்னணி புலப்படும். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792 மார்ச்சில் திப்பு சுல்தானுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. சேலமும் பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறி, கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராகவும் தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களில் ஒருவராகவும் வரித்தீர்வை வேலையைத் தொடங்கினர். திப்புவின் நாடு எப்படி இருக்கும் என்று பார்க்க லண்டனில் காசு கொடுக்க ஆள் இருந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படையோடு வந்த ஓவியர் ராபர்ட் ஹோமின் மைசூர்க் காட்சிகள் 1794-இலேயே அங்கே புத்தகமாகிவிட்டன. மலைக்கோட்டை என்பது அன்றைய வாங்குவோருக்கு வெற்றிச் செய்தி. இன்று அதே படத்தை நாம் ஊர்ப்பெருமையாக மாட்டிவைத்திருக்கிறோம். அதில் தவறில்லை, ஆனால் படம் எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதையும் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

ஹோமின் புத்தகத்தில் தகடுகளைச் செதுக்கியவர்கள் லண்டனிலேயே இருந்து அவருடைய ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கியவர்கள். டேனியல்களோ தாங்களே வரைந்து தாங்களே தகட்டிலும் இறங்கியவர்கள். அந்தக் காலத்தில் இது அரிது. 1786 முதல் 1788 வரை கல்கத்தாவில் தம் முதல் பன்னிரண்டு படங்களை வெளியிட்டபோது, உள்ளூர்க் கைவினைஞர்களைப் பழக்கி வேலை வாங்கிக்கொண்டு, செம்புத் தட்டர் வேலை முதல் அச்சடிப்பு வரை தாமே சுமந்து களைத்துப் போனதாகத் தாமஸ் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் கைவினைஞர்களின் பெயர்கள் படங்களில் இல்லை. நாடு திரும்பிய பின் வில்லியம் ஏழு ஆண்டுகள் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை தகட்டு வேலையிலேயே மூழ்கிக் கிடந்தார். இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அவர் பதினாறு வயதுச் சிறுவர். சித்தப்பாவுக்கு உதவியாளாக வந்தவர்.

எந்த முறை, யாருடைய உழைப்பு

செதுக்கும் முறையைக் கண்டுகொண்டால் உழைப்பின் தன்மையைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

டேனியல்களின் கோட்டைப் படங்கள் அக்வாடின்ட் என்னும் முறையில் ஆனவை. செப்புத் தகட்டில் குங்கிலியம் போன்ற பிசின் பொடியைச் சீராகத் தூவி, அடியில் சூடுகாட்டி ஒட்டவைத்து, மேலே நைட்ரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். பொடிகளுக்கு இடையில் உள்ள செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி அமிலம், பிறகு இன்னும் கொஞ்சம் மூடி மறுபடி அமிலம் என்று படிப்படியாக நிழல் ஏற்றப்படும். அமிலம் செம்பை அரிக்கும்போது எழும் குமிழிகளை ஒரு பறவை இறகால் தள்ளிவிட்டபடியே தகட்டின் மேல் குனிந்திருக்க வேண்டும். அந்தப் புகையை மூச்சில் வாங்காமல் இவ்வேலையைச் செய்ய இயலாது. லென்ஸில் பார்த்தால் பாறை நிழல்களில் ஒழுங்கற்ற வலைபோன்ற கருங்கோடுகளும் அவற்றுக்கு இடையே நுண்ணிய வெண்புள்ளிகளும் தெரியும். அந்த வெண்புள்ளிகளே பிசின் பொடி இருந்த இடம். சில நூறு பிரதிகளுக்குள் இந்த மணிகள் தேய்ந்து வானம் திட்டுத்திட்டாகிவிடும் என்பதால், வானம் எவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்பதைக் கொண்டு உங்கள் பிரதி முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா என்றும் கணிக்கலாம்.

கோடுகளால் மட்டுமே ஆன படமாக இருந்தால், ப்யூரின் என்னும் கூர்மையான எஃகு உளியை உள்ளங்கையில் தாங்கி, தகட்டை ஒரு தோல் மெத்தையின் மேல் சுழற்றிச் சுழற்றி வெட்டியது. இவ்வேலையில் தேற ஏழு ஆண்டுப் பயிற்சி வேண்டும். கவிஞராகவும் ஓவியராகவும் பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் பிளேக், 1772-இல் ஜேம்ஸ் பேசைர் என்ற செதுக்குநரிடம் பயிற்சியாளாகச் சேர்ந்தபோது அவருடைய தந்தை 52 பவுண்டு 10 ஷில்லிங் கட்டணம் செலுத்தினார். கட்டணம் கட்டி, ஏழாண்டு கூலியில்லாமல் பிள்ளையை விட்டுவைக்க முடிந்த கடைக்காரர், கைவினைஞர் குடும்பங்களிலிருந்தே இத்தொழிலுக்கு ஆள் வந்தது இதனால்தான். இத்தனை பாடுபட்டுத் தேறியவர்களை 1768-இல் தொடங்கிய லண்டன் ராயல் அகாதெமி முழு உறுப்பினராக ஏற்கவில்லை. அடுத்தவர் படைப்பைப் பார்த்துச் செய்பவர்கள் என்று கூறித் துணை உறுப்பினர் நிலையில் நிறுத்தியது. அந்தக் கதவு 1850-களில்தான் திறந்தது.

1820-களில் எஃகுத் தகடு வந்தபின் நிலைமை இன்னும் மாறியது. எஃகு பல்லாயிரம் பிரதிகளைத் தாங்கும்; ஆனால் கடினமானது, கோடு மயிரிழையாக வெட்டப்பட வேண்டும், கண் பார்வை போய்விடும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை விளக்கின் முன் வைத்து வெளிச்சத்தைத் தகட்டின் மேல் குவித்துக்கொண்டு இரவிலும் வேலை நடந்தது. பெரிய பட்டறைகளில் வானத்துக்குக் கோடிழுக்கும் இயந்திரத்தில் ஒருவர், மரம் பாறைக்கு ஒருவர், மனித உருவங்களுக்கு ஒருவர், அடியில் எழுத்துக்கு ஒருவர் என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. நம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று கைமாறி வந்த உருப்படி, கடையில் கடைக்காரர் பெயரோடு விற்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. 1830-களில் ஃபிஷர் நிறுவனம் வெளியிட்ட ராபர்ட் எலியட்டின் கீழைநாட்டுக் காட்சிகள் போன்ற புத்தகங்களில், கப்பற்படை அதிகாரி கிறுக்கிய குறிப்போவியத்தை இந்தியாவையே பார்த்திராத ஒரு லண்டன் ஓவியர் திருத்தி வரைய, அதை மூன்றாமவர் செதுக்கியிருப்பார். ஓரத்தில் மூன்று பெயர்கள் இருந்தால் இந்த அமைப்பு என்று கொள்ளுங்கள். பனைமரங்கள் ஏன் பேரீச்சை போலவும் கோபுரங்கள் ஏன் மாதாகோயில் போலவும் இருக்கின்றன என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

மரச்செதுக்குப் படங்களும் பஞ்சமும்

1842-இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வார இதழும் 1869-இல் வந்த ‘தி கிராஃபிக்’ இதழும் நம் பக்கத்துப் பழைய புத்தக வியாபாரிகளிடம் தனித்தாள்களாகக் கிடைப்பவை. இவற்றின் படங்கள் பாக்ஸ்வுட் என்னும் கெட்டி மரத்தின் குறுக்குவெட்டில் செதுக்கியவை. அந்த மரம் பருமனாக வளராது. எனவே சிறு கட்டைகளைத் திருகாணியால் இணைத்துப் பெரிய பரப்பாக்கினார்கள். அவசரச் செய்தி என்றால், படத்தை அதன்மேல் வரைந்தபின் கட்டைகளைக் கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து, விடிய விடியச் செதுக்கவைத்து, காலையில் மீண்டும் முடுக்கி, இணைப்புகளில் கோடு பொருந்துமாறு தலைமைத் தொழிலாளி சரிசெய்வார். பெரிய படங்களில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள். அதற்கு இடப்புறம் ஒருவர் கை, வலப்புறம் இன்னொருவர் கை. மூலையில் உள்ள கையொப்பம் பட்டறை முதலாளியுடையது.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் வாயில் நின்ற 1876–78 பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்திலிருந்தும் மைசூரிலிருந்தும் போன புகைப்படங்களையும் குறிப்போவியங்களையும் வைத்து இந்த இதழ்கள் படங்கள் வெளியிட்டன. பெங்களூரில் நிவாரணத்துக்காகக் காத்திருக்கும் மக்களைக் காட்டும் 1877-ஆம் ஆண்டுப் படம் பலரும் அறிந்தது. எலும்பும் தோலுமான ஓர் உடலைக் கூலிக்குத் துண்டு போட்டுச் செதுக்கிய லண்டன் தொழிலாளியையும் படத்தில் நிற்கும் பெயரற்ற மனிதரையும் ஒரே குறிப்பில் எழுதவேண்டிய இடம் இது. இத்தகைய தாள்களை அலங்காரமாக மாட்டுவது எனக்கு உவப்பில்லை. கோப்பில் வைத்துப் படிக்கலாம்.

வண்ணமும் தாளும்

பழைய படங்களில் வண்ணம் பெரும்பாலும் கையால் பூசியது. ஒரு மாதிரிப் படத்தை நடுவில் வைத்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் நீலம் மட்டும், பச்சை மட்டும் என்று பூசி அடுத்தவரிடம் தள்ளுவார்கள். பெண்களும் சிறுவர்களும் உருப்படிக் கூலிக்குச் செய்த வேலை இது. கோட்டைத் தாண்டிக் கசிந்த பச்சை, ஆளின் தலைப்பாகையில் விடுபட்ட சிவப்பு ஆகியவற்றைக் குறையாகக் கொள்ளாமல், கூலி எண்ணிக்கைக்கேற்ப விரைந்த கையின் தடயமாகப் பதிவுசெய்யுங்கள். வண்ணம் மிகப் புதிதாகப் பளபளத்தால் வியாபாரி பின்னாளில் பூசவைத்தது என்று ஐயப்படலாம்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தாள் செய்யும்போதே அதில் பதிந்த நீர்க்குறி தெரியும். 1794-ஐ ஒட்டி ஏற்றுமதி வரிச்சலுகைக்காக ஆண்டையும் நீர்க்குறியில் இடும் வழக்கம் பிரிட்டனில் வந்தது. வாட்மன் என்ற தாள் தயாரிப்பாளரின் பெயரும் ஆண்டும் கண்ணில் பட்டால், வெளியீட்டுத் தேதியைவிடப் பிந்திய ஆண்டா என்று ஒப்பிடுங்கள். பிந்தியதென்றால் பழைய தகட்டிலிருந்து பிறகு எடுத்த பிரதி. கந்தல் துணியைப் பொறுக்கிச் சேர்த்து, பொத்தான் அறுத்து, தரம் பிரித்துக் கொடுத்த பெண்களின் உழைப்பில்தான் அந்தத் தாள் ஆனது.

படத்துக்குள் இருப்பவர்கள்

கோட்டைப் படங்களின் முன்புறத்தில் இரண்டு மூன்று சிறு உருவங்கள் நிற்கும். பாறை எவ்வளவு உயரம் என்று காட்டவும் வெறுமையை நிரப்பவும் சேர்த்தவை என்பதால், இவர்களை இனவரைவுச் சான்றாக நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே வேளையில், படத்தில் இடம்பெறாதவர்களைக் கேள்வியாக எழுதிவையுங்கள். பல்லக்குச் சுமந்த போயிகள், கூடாரம் அடித்தவர்கள், மாடு ஓட்டியவர்கள், மொழிபெயர்த்த துபாஷிகள், வழிகாட்டிய ஊர்க்காரர் இல்லாமல் லண்டன்காரர் எவரும் ராயக்கோட்டை அடிவாரத்தை அடைந்திருக்க முடியாது.

சேர்வராயன் மலைக்கு எதைத் தேடுவது

பதினெட்டாம் நூற்றாண்டுச் செப்புத் தகட்டுப் படம் என்று சொல்லி ஏற்காட்டுக் காட்சியை யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஐரோப்பியர் இம்மலையில் வீடுகட்டிக் காப்பி வைக்கத் தொடங்கியதே 1820-களில், கலெக்டர் காக்பர்ன் காலத்தில்தான். அதற்குள் கல்லச்சும் எஃகும் வந்துவிட்டன. இன்னொரு பொறி பெயரில் உள்ளது: பழைய தாவரவியல் நூல்களில் ‘ஷெவகெர்ரி மலை’ என்று வருவது திருநெல்வேலிப் பக்கத்துச் சிவகிரி, அதைச் சேர்வராயன் என்று மயங்கி வாங்கிவிடக் கூடாது.

இம்மலைக்குச் சிறந்த செதுக்குச் சான்று நிலப்படம். 1827 முதல் லண்டனில் வாக்கர் பட்டறையில் செப்பில் செதுக்கப்பட்ட ‘இந்தியன் அட்லஸ்’ தாள்களில் மலைச்சரிவுகள் நெருக்கமான சிறு கோடுகளாகத் தீட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு கைவெட்டு. அந்த வெட்டுக்கு ஆதாரமான அளவைகளோ இங்கே கால்நடையாக எடுக்கப்பட்டவை. சென்னையில் மைக்கேல் டாப்பிங் 1794-இல் தொடங்கிய அளவைப் பள்ளி, ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்தியத் தாய்மாரிடம் பிறந்து ஆதரவற்றோர் விடுதியில் வளர்ந்த சிறுவர்களைப் பயிற்சியாளராக எடுத்து வேலைக்கு அனுப்பியது. அதே ஆண்டுகளில் ஜான் மேத்தர் பாரமகாலை அளந்தார். சங்கிலி பிடித்தவர்களும் காடு வெட்டி வழிசெய்தவர்களும் மலைக்காய்ச்சலில் விழுந்தவர்களும் தாளின் ஓரத்தில் இல்லை.

உள்ளூர்ப் பெயர்கள் அறவே இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தாவரப் படங்கள் கல்லச்சு. அவற்றின் மூலையில் ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்களின் பெயர்கள் அச்சாகியுள்ளன. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் நம்மவர்கள் மரச்செதுக்கும் கல்லச்சும் பயின்றனர். ஆகவே, சென்னையில் அச்சான நூல்களின் படங்களில் மூலைகளை லென்ஸால் தவறாமல் தேடுங்கள். லண்டன் படங்களைவிட இங்கேதான் பலன் அதிகம்.

குறிப்பு எழுதும் முறை

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனித்தாள் வைத்து, வரைந்தவர், செதுக்கியவர், எழுத்து வெட்டியவர், அச்சடித்தவர், வண்ணம் பூசியவர், வெளியிட்டவர், தாள் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி ஒதுக்குங்கள். பெயர் கிடைக்காத வரியை நீக்கிவிடாமல் “பெயர் பதிவாகவில்லை” என்று எழுதி, அருகே அவர் கைபட்ட தடயம் எங்கே தெரிகிறது என்பதைக் குறியுங்கள். “வலது கீழ்ப்புறப் பாறையில் பச்சை கசிந்துள்ளது”, “மேலிருந்து இரண்டாவது கட்டையில் இணைப்புக் கோடு” என்பது போல. வரைந்த இடம், வரைந்த ஆண்டு, வெளியான ஆண்டு, விற்பனைக்கு நோக்கிய ஊர் ஆகிய நான்கும் அடுத்து வரட்டும். படம் புத்தகத்திலிருந்து கிழிக்கப்பட்டதாகத் தோன்றினால், விற்பவரிடம் அதனோடு இருந்த விளக்கப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். சந்தாதாரர் பட்டியல் கிடைத்தால் அதுவே அந்தப் படத்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று.